ஆல்ட் 2 எங்கே போகிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவர். ஆங்கிலப் பக்கம், தமிழ்ப் பக்கம் இரண்டையும் ஒரே லப்டொப்பில் அவரே எழுதுகிறார். கோட் எழுதும் எடிட்டர் முன்பு நோட்பேட் பிளஸ் பிளஸ். இப்போது விஷுவல் ஸ்டூடியோ கோட். தமிழுக்கு என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகை. அவருடைய முறைப்பாடு மூன்று. ஆல்ட் 2 அழுத்தினால் இரண்டாவது டாப்புக்குப் போகாமல் தமிழ் எழுத்து வருகிறது. ஷிஃப்ட், ஆல்ட், கீழ் அம்புக்குறி அழுத்தி வரியை நகலெடுக்கும்போது சில வேளை மட்டும் விண்டோஸின் மொழி மாறிவிடுகிறது. கொன்ட்ரோல் டி அழுத்தினால் அடுத்த அதே சொல்லைத் தெரிவு செய்யாமல் வரியை இரட்டிப்பாக்குகிறது. "எல்லா ஷோர்ட்கட்டையும் மாற்றி வைத்துவிடவா?" என்கிறார்.

வேண்டாம். எந்த விசையை யார் பிடிக்கிறார்கள் என்று தெரியாமல் மாற்றினால், புதிதாக வைப்பதும் இன்னொன்றோடு மோதும். அப்புறம் எது பழையது, எது நீங்கள் வைத்தது என்றே நினைவிருக்காது.

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலிலேயே மறித்துவிட்டால் நாம் வந்ததே கோயிலுக்குள் இருக்கும் ஐயருக்குத் தெரியாது. விசையும் அப்படித்தான். முதலில் விண்டோஸ், பிறகு பின்னணியில் ஓடும் தமிழ் ரைட்டர் போன்ற மென்பொருட்கள், கடைசியில்தான் எடிட்டர். எடிட்டருக்குள்ளும், நாம் பிறகு சேர்க்கும் துணை மென்பொருட்களான எக்ஸ்டென்ஷன்கள் தனியாக நிற்கின்றன. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, விசை எடிட்டர் வரை வந்ததா என்பதை.

அதற்கு எடிட்டரிலேயே நல்ல கருவி இருக்கிறது. கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்திக் கட்டளைப் பெட்டியைத் திறந்து, 'டிவெலப்பர்: டொகிள் கீபோர்ட் ஷோர்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். கீழே அவுட்புட் பகுதியில், நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசைக்கும் வரி ஓடும். இப்போது எடிட்டருக்குள் கிளிக் செய்துவிட்டு ஆறுதலாக ஆல்ட் 2 அழுத்துங்கள். ஆல்ட் வந்ததற்கு வரி இருந்து, 2 வந்ததற்கு வரி இல்லாவிட்டால், வழியில் யாரோ அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் விஷயத்தில் அது அநேகமாக என்.எச்.எம். ரைட்டர்தான், ஆல்ட்டோடு இலக்கம் அழுத்தித்தான் அது விசைப்பலகையை மாற்றுகிறது. எடிட்டரில் என்ன மாற்றினாலும் இதற்குப் பலன் கிடைக்காது. ரைட்டரின் அமைப்புகளில் போய் அங்கேயே வேறு விசை கொடுங்கள். தமிழ் எழுத கீமேன் மென்பொருள் பாவிப்பவர்களுக்கும் அதன் கொன்ஃபிகரேஷனில் ஹொட்கீஸ் என்று தனிப் பக்கம் உண்டு.

மொழி மாறும் பிரச்சினை 'சில வேளை மட்டும்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லிலேயே விடை இருக்கிறது. இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் மொழி மாற வேண்டும் என்பது விண்டோஸின் பழைய பழக்கம். இரண்டையும் அழுத்திவிட்டு, அம்புக்குறிக்கு விரல் போகுமுன் யோசித்துக் கையை எடுத்தால் மொழி மாறிவிடும். வேகமாக அழுத்தினால் பெரும்பாலும் மாறாது. விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ், இன்புட் லாங்குவேஜ் ஹொட் கீஸ் என்று உள்ளே போய், 'சேஞ்ச் கீ சீக்குவென்ஸ்' என்பதில் 'நொட் அசைன்ட்' வைத்துவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் போதும். தமிழும் கணினிக் கோடும் ஒன்றாக எழுதுகிற எவருக்கும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். தெரியாமல் விழுந்த ஒரு தமிழெழுத்தால் ஒரு பக்கமே உடைந்து, அதைத் தேடி ஒரு பின்னேரம் முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

சரி, கொன்ட்ரோல் டி. அவுட்புட்டில் இதற்கு வரி வரும், எந்தக் கட்டளைக்குப் போனது என்றும் காட்டும். வரியின் கடைசியில் 'சோர்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். 'பில்ட் இன்' என்றால் எடிட்டரோடு வந்தது. எக்ஸ்டென்ஷன் ஒன்றின் பெயர் இருந்தால் அதுதான் காரணம். பழைய எடிட்டரின் பழக்கம் விடக்கூடாது என்று அதன் ஷோர்ட்கட்டுகளை இங்கே கொண்டுவரும் நோட்பேட் பிளஸ் பிளஸ் கீமாப் எக்ஸ்டென்ஷனைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே கொன்ட்ரோல் டி என்றால் வரியை இரட்டிப்பாக்குவது.

கொன்ட்ரோல் கே, உடனே கொன்ட்ரோல் எஸ் அழுத்தினால் ஷோர்ட்கட் பட்டியல் திறக்கும். அதில் கொன்ட்ரோல் டி உள்ள வரியில் ரைட் கிளிக் செய்து 'ஷோ சேம் கீபைன்டிங்ஸ்' கொடுத்தால், ஒரே விசைக்குப் போட்டி போடும் எல்லாம் ஓரிடத்தில் தெரியும். அங்கே இரண்டு மூன்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். விசை எப்போது வேலை செய்யும் என்ற நிபந்தனை இருக்கும் 'வென்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள்: ஒன்று எடிட்டருக்குள் இருக்கும்போது, இன்னொன்று கட்டளைகள் எழுதும் டேர்மினலுக்குள் இருக்கும்போது என்றிருந்தால் அவை மோதவில்லை. நிபந்தனையும் ஒத்துப்போனால்தான் மோதல். அப்போது எடிட்டர் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். எடிட்டரோடு வந்தவை மேலே, எக்ஸ்டென்ஷன்கள் அதற்குக் கீழே, நீங்கள் வைப்பவை எல்லாவற்றுக்கும் கீழே. அதனால்தான் உங்கள் கொன்ட்ரோல் டி தோற்றது. வேண்டாத வரியில் 'ரிமூவ் கீபைன்டிங்' கொடுத்தால் போதும். எக்ஸ்டென்ஷனை முழுதாக நீக்கத் தேவையில்லை.

புதிதாக ஒன்று வைக்கும்போது கொன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து வைக்காதீர்கள். விண்டோஸில் அந்தச் சேர்க்கையும் வலது ஆல்ட்டும் ஒன்றாகக் கணக்கிடப்படலாம். சில விசைப்பலகைகள் அதில் எழுத்து வைத்திருக்கின்றன. சில பழைய லப்டொப்களில் கொன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி அழுத்தினால் திரையே தலைகீழாகும். கொன்ட்ரோல் கே தனியாகவும் வேண்டாம். அதை அழுத்தியதும் எடிட்டர் இரண்டாவது விசைக்குக் காத்திருக்கிறது; அந்த அறிவிப்பு கீழ்ப்பட்டையில் தெரியும். நீங்கள் அதற்கே ஒரு வேலை கொடுத்துவிட்டால், அதில் தொடங்கும் அத்தனை ஷோர்ட்கட்டும், மேலே சொன்ன பட்டியலைத் திறப்பது உட்பட, எடிட்டருக்குள் நின்றுபோகும்.