வேதியியல் படிக்கும் மகள் எம்ஏ சமூகவியல் கேட்கிறாள்: பட்டுக்கோட்டை அண்ணனுக்கு ஒரு பதில்

அண்ணே, உங்கள் மகள் பாப்பா எம்ஏ சமூகவியல் படிக்கலாமா, படித்தால் வேலை கிடைக்குமா என்று போன வாரம் போனில் கேட்டீர்கள். பேசியதில் பாதி நேரம் நீங்கள் கடைக்கு வந்தவர்களுக்குச் சில்லறை கொடுப்பதிலேயே போய்விட்டது, அதனால் எழுதியே அனுப்புகிறேன். ராத்திரி கடையை அடைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் இதில் பாதி அவளுக்குத்தான்.

முதலில் ஒரு குழப்பம். பேச்சில் நீங்கள் மூன்று தடவை "சோஷியல் ஒர்க்" என்றீர்கள். அது வேறு, இது வேறு. சமூகப்பணி, அதாவது எம்எஸ்டபிள்யூ, தொழிற்படிப்பு மாதிரி; ஆஸ்பத்திரி, காப்பகம், தொண்டு நிறுவனம் என்று அனுப்பி வேலையைப் பழக்குவார்கள். உங்கள் மகள் கேட்பது சமூகவியல், சோஷியாலஜி. ஆட்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள், ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்று துருவிப் பார்க்கிற படிப்பு அது.

இன்னும் புரியவில்லை என்றால் உங்கள் கடன் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு நோட்டில் எழுதலாம், யாரிடம் கையில் காசு வாங்கிக்கொண்டுதான் சாமான் கட்ட வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? சம்பளத்தைப் பார்த்தா, தெருவைப் பார்த்தா, சொந்தபந்தத்தைப் பார்த்தா? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தபோது எந்த வீட்டுக்குக் கணக்கை நீட்டினீர்கள், எந்த வீட்டுக்கு நிறுத்தினீர்கள்? மகளிர் குழுக் கடன் வந்த பிறகு நோட்டு மெலிந்ததா, தடித்ததா? வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டின் கடன் கணக்கு எப்போது நேராகிறது? இதையெல்லாம் முறையாகக் கேட்டு, எண்ணி, எழுதி, வேறு ஊர்களில் இதே மாதிரி பார்த்தவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டால் அதுதான் சமூகவியல். சும்மா உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆந்த்ரே பெத்தேய் வங்காளத்தில் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் உங்கள் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வந்து தங்கி, சாதியும் நிலமும் அதிகாரமும் அங்கே எப்படிப் பின்னிக் கிடக்கின்றன, எங்கே பிரியத் தொடங்குகின்றன என்று பார்த்து எழுதித்தான் அந்தத் துறையில் பெரிய பெயர் வாங்கினார். இன்றைக்கும் அதைப் படிக்காமல் இந்தியச் சமூகவியல் படித்தேன் என்று சொல்ல முடியாது. அவர் வெளியிலிருந்து வந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்த மொழியும் ஊரும் பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே கையில் இருக்கின்றன.

சரி, பிஎஸ்சி வேதியியல் படித்துவிட்டு இதில் சேர முடியுமா? முடியும். பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டப்படிப்பு படித்தவரும் எம்ஏ சமூகவியலுக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்ச மதிப்பெண் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வி: வேலை. மழுப்பாமல் சொல்கிறேன். எம்ஏ சமூகவியல் என்ற பட்டத்தைப் பார்த்து யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்க மாட்டார்கள். நம்மூர்க் கல்லூரிகளில் சமூகவியல் துறை இருப்பதே குறைவு, அதனால் உதவிப் பேராசிரியர் பணியிடமும் குறைவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களில் சமூகப்பணி, சமூகவியல் படித்தவர்களைக் கேட்டு அறிவிப்பு வரும், ஆனால் அநேகமாக ஒப்பந்த வேலை, சம்பளம் உங்களைச் சந்தோஷப்படுத்தாது. ஆனால் எங்கே படித்தாள், அந்த இரண்டு வருடத்தில் என்ன செய்யக் கற்றாள் என்பதைப் பொறுத்துக் கதை மொத்தமாக மாறும். நல்ல துறையில் படித்து, களத்தில் போய் ஆட்களிடம் பேசத் தெரிந்து, கொஞ்சம் புள்ளியியலும் தெரிந்து, படித்ததைச் சுத்தமான ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு ஆய்வு நிறுவனம், சுகாதாரக் கணக்கெடுப்பு, பத்திரிகை, சந்தை ஆய்வு, செயலி செய்கிற கம்பெனிகளில் பயனாளர் ஆய்வு என்று பல கதவு இருக்கிறது. வேதியியல் படித்த பிள்ளைக்கு எண்ணைக் கண்டு பயம் இருக்காது, அது இந்தத் துறையில் பெரிய சொத்து. சமூகவியல் பிள்ளைகளில் பாதிப் பேர் அட்டவணையைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்புகிறவர்கள்தான், என் அனுபவம் அது.

இன்னொரு வழி, யுஜிசி நெட், அதாவது கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் தேர்வுகள் என்று பெயர். இரண்டு தாள், மொத்தம் 150 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. எம்ஏவில் 55 சதவீதம் வேண்டும், ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50. மேல்வரிசையில் வந்து ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்து முனைவர் பட்டத்தில் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. இந்த எண்ணைச் சொன்னதும் போனில் உங்கள் குரலே மாறியது! ஆனால் இது எழுதுகிறவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் கிடைக்கும், அதை நம்பி மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

பாப்பாவிடம் நான் தனியாக ஒன்று கேட்டேன்: "ஐஏஎஸ் எழுதத்தான் சமூகவியலா?" ஏனென்றால் பல பிள்ளைகள் அதற்காகத்தான் வருகிறார்கள். முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள், 1750இல் 500. சமூகவியலை நிறைய பேர் எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதை எடுக்க எம்ஏ தேவையே இல்லை, அதற்காக இரண்டு வருடத்தைச் செலவழிப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. அவள் சொன்ன பதில் வேறு. கல்லூரி என்எஸ்எஸ் முகாமில் ஏழு நாள் ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தபோது, தாளில் இருந்த கேள்விக்கும் வீட்டில் வந்த பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்று கவனித்தாளாம், அது ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். அண்ணே, இந்த மாதிரி பதிலை நான் வருடத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளிடம்தான் கேட்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கே விண்ணப்பிப்பது? டெல்லியில் ஜேஎன்யூ என்கிற ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை (1959இல் சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் தொடங்கியது), ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், உங்களுக்குக் கிட்டத்தில் என்றால் காலாப்பட்டில் இருக்கிற புதுச்சேரிப் பல்கலைக்கழகம். இந்த நான்கும் முதல் வரிசை. இவற்றுக்கெல்லாம் சியூஇடி பிஜி (CUET PG) என்ற பொது நுழைவுத் தேர்வு, 2022இல் தொடங்கியது. விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும், தேர்வு மார்ச்சில். கணினியில் 75 கேள்விகள், 90 நிமிடம், சரியான விடைக்கு 4, தவறானதற்கு 1 கழியும். சமூகவியல் தாள் தமிழில் கிடையாது, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும்.

இங்கேதான் நம்மூர்ப் பிள்ளைகள் வருடாவருடம் கோட்டை விடுவது. தேர்வு எழுதி மதிப்பெண் வந்துவிட்டால் இன்ஜினியரிங் கவுன்சிலிங் மாதிரி யாரோ கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்து, தனித்தனியாகக் கட்டணம் கட்டி, தனித்தனியாகப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசித் தேதிகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. கடை காலண்டரில் சிவப்பு மையில் எழுதித் தொங்கவிடுங்கள்.

இரண்டாவது கண்ணி, சாதிச் சான்றிதழ். கையில் இருக்கிற பிசி அல்லது எம்பிசி நிரந்தரச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓபிசி, கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சேர்க்கை நடக்கிற வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பது வழக்கம். கடை வருமானம் கணக்கில் வரும், வருடத்துக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் விவசாய வருமானம் அந்த 8 லட்சத்தில் சேராது. மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி பட்டியலில் பெயர் வந்தும், போன வருடத்துச் சான்றிதழைப் பதிவேற்றியதால் இடத்தை இழந்தாள், அவளோடு சேர்ந்து நானும் இரண்டு நாள் போனும் கையுமாக அலைந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அந்த இனிஷியல் விவகாரம்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில் இருக்கட்டும், ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

தயாரிப்புக்குக் கோச்சிங் வேண்டாம், காசு மிச்சம். என்சிஇஆர்டி 11, 12-ஆம் வகுப்புச் சமூகவியல் புத்தகங்கள் நான்கு இருக்கின்றன, இணையத்தில் இலவசம். அதை இரண்டு தடவை படித்துவிட்டு இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பாடங்களுக்குப் போகலாம், அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட மார்க்ஸ், வேபர், துர்கைம் மூவரும், இந்தியச் சமூகம், ஆய்வு முறைகள், இவ்வளவும் உருப்படியாகத் தெரிந்தால் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கலாம். தினம் இரண்டு மணி நேரம் போதும், வேதியியல் கடைசி செமஸ்டரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடம் கிடைக்கவில்லை என்றால்? ஒரு வருடம் சும்மா வீட்டில் இருப்பதற்கு நான் எதிரி. திருச்சி பாரதிதாசன், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் என்று நம் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் சமூகவியல் துறை உண்டு. சேருமுன் அங்கே இப்போது நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், போன வருடம் படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கள், பதில் சொல்கிற முகத்திலேயே தெரிந்துவிடும். அறிவியல் பிள்ளை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: மும்பையில் ஐஐபிஎஸ் என்ற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் இருக்கிறது, தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பை நடத்துவது அவர்கள்தான். அங்கேயும் முதுநிலைப் படிப்பு உண்டு. எண்ணும் சமூகமும் சேர்ந்த படிப்பு, அவளுக்குப் பொருந்தலாம்.

சேர்ந்த பிறகு முதல் செமஸ்டர் கஷ்டம்தான், பாப்பா, இதை உனக்குச் சொல்கிறேன். வேதியியலில் ஒரு சமன்பாட்டுக்கு ஒரு விடை. இங்கே நாற்பது பக்கக் கட்டுரையைப் படித்துவிட்டு வா என்பார்கள், படித்துவிட்டுப் போனால் வகுப்பில் ஒருத்தர் அது தப்பு என்பார், இன்னொருத்தர் அது சரி, ஆனால் காரணம் தப்பு என்பார். டெல்லி, கல்கத்தா கல்லூரிகளில் பிஏ சமூகவியல் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் சரளமாகப் பேசுவார்கள். முதல் மாதம் அவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி இருக்கும். மூன்றாவது மாதம் பாதிப் பேர் கட்டுரையையே படிக்காமல் பேசுகிறார்கள் என்று புரியும். நீ தினம் ஒரு பக்கம் எழுது, ஆங்கிலத்தில், தப்பும் தவறுமாக இருந்தாலும். கணினியிடம் எழுதி வாங்கிக் கொடுக்காதே. மாட்டிக்கொள்வது ஒரு பக்கம், எழுதத் தெரியாமலே இரண்டு வருடம் ஓடிவிடும் என்பதுதான் பெரிய நஷ்டம்.

அண்ணே, டெல்லி பயம் உங்களுக்கு. ஜேஎன்யூவில் கல்விக் கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான், விடுதி கிடைத்தால் சாப்பாட்டுச் செலவுதான் பெரிசு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் விடுதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை, வெளியே அறை எடுத்தால் பட்ஜெட் எகிறும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். போராட்டம், கோஷம் எல்லாம் இருக்கும். படிக்கிற பிள்ளை படிக்கும், வேடிக்கையும் பார்க்கும், சில நாள் அவளும் போய் நிற்பாள். பட்டுக்கோட்டையில் பிறந்தவர்களுக்கு அரசியல் புதிதா என்ன?

மாப்பிள்ளை வீட்டில் என்ன படிப்பு என்று கேட்டால் என்ன சொல்வது என்றீர்கள். எம்ஏ என்று சொல்லுங்கள், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கிற வீடு வந்தால், அந்த வீட்டைப் பற்றி நீங்களும் நாலு இடத்தில் விசாரியுங்கள்.

இந்த மாதத்தில் ஆக வேண்டியது இரண்டு: ஆதாரில் பெயர்த் திருத்தம், என்சிஇஆர்டி முதல் புத்தகத்தில் மூன்று அத்தியாயம். முடித்ததும் பாப்பாவே எனக்குப் போன் செய்யட்டும். அப்புறம், பரணில் பழைய கடன் நோட்டுகள் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், இரண்டு வருடம் கழித்து அவள் வந்து கேட்பாள்.