கதையை ஒரு தடவை சொன்னால் போதும், தங்கச்சி

கேள்வி: அக்கா, என் கூடப்பிறந்தவ குவைத்தில் வேலை செய்கிறா. பிள்ளைகளின் தகப்பன் வேறு குடும்பமாகிப் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளும் என்னோடுதான். 14 வயது மகன் பள்ளிக்கூடத்தை விட்டு கராஜில் வேலைக்கு நிற்கிறான். 9 வயது மகள் இரவில் பாயை நனைக்கிறாள், பேச்சும் குறைந்துவிட்டது. பள்ளிக்கூடம், ஜி.எஸ். (கிராம சேவகர்), பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லாம் போய்விட்டேன். ஆளுக்காள் மற்ற இடத்தைக் காட்டுகிறார்கள். அதிகம் கேட்டால் பிள்ளைகளை சிறுவர் இல்லத்தில் விட்டுவிடுவார்களோ என்றும் பயம். - ஒரு சின்னம்மா, படுவான்கரை

பதில்: தங்கச்சி, மண்முனைப் பாலம் தாண்டி ஒரு தடவை மட்டக்களப்பு டவுனுக்கு வந்து போனாலே ஒரு நாள் கூலி போய்விடும். நீங்கள் இத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறீர்கள். உங்களில் ஒரு பிழையும் இல்லை. பொலிஸ் மத்திய அரசின் கீழ், சிறுவர் பராமரிப்பைப் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத்தின் கீழ், பள்ளிக்கூடம் வலயக் கல்வி அலுவலகத்தின் கீழ். ஒரு மேசையில் எழுதிய பைல் அடுத்த மேசைக்குத் தானாகப் போவதில்லை.

பாவம், அலைவது பிள்ளைகளும்தான். ஒரு பிள்ளை தன் கதையை ஆறாவது ஆளுக்குச் சொன்னபோது பக்கத்தில் இருந்திருக்கிறேன். அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல், விரலால் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் இனி ஒரே வாசல். உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். "இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு கேஸ் கொன்பரன்ஸ் வையுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதிபர், நன்னடத்தை உத்தியோகத்தர், குடும்பநல மாது, பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகம் எல்லாரும் ஒரு மேசையில் இருந்து பேசுவதுதான் அது. குவைத்தில் இருக்கும் உங்கள் அக்காவின் விஷயத்துக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரையும் கூப்பிடச் சொல்லுங்கள். நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பியோடு நாலைந்து போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள். கூட்டம் முடிந்து எழும்ப முன் ஒன்று கேளுங்கள்: "இவர்களுக்குப் பொறுப்பான ஆள் யார்? அடுத்து எப்போது சந்திக்கிறோம்?" பெயரும் திகதியும் உங்கள் கொப்பியில் ஏறவேண்டும். இல்லாவிட்டால் மற்றவர் பார்ப்பார் என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள்.

மகன் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். 16 வயது வரை படிப்பு கட்டாயம். அதற்குக் கீழ் வேலைக்கு வைப்பது குற்றம். ஆனால் அவனைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஏன் விட்டான் என்று முதலில் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டாத காசா, வகுப்பில் பட்ட அவமானமா, வீட்டுக்கு உழைக்கும் எண்ணமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மகளைப் பாய்க்காக ஏசாதீர்கள். போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவில் காட்டலாம்.

சரி, இல்லப் பயம். இல்லம் கடைசி வழி என்பதுதான் அரசின் கொள்கை. நன்னடத்தை உத்தியோகத்தர் ஊடாக நீதிமன்றம் உங்களையே பொறுப்பாளராக்கவும் வழி உண்டு. அதையும் கூட்டத்தில் கேளுங்கள். இடையில் யாராவது பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தால், எந்த நேரமானாலும் சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அடியுங்கள், தமிழில் பேசலாம், காசில்லை.

முதல் நாள் போகும்போது மகளைக் கூட்டிப் போகவேண்டாம். அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்.