வருகைப் பரிசை நிறுத்தாதீர்கள், விதியை மாற்றுங்கள்

வணக்கம்ங்க. உங்கள் திருப்பூர் பனியன் யூனிட்டில் லீவே போடாதவருக்கு மாதம் 1,000 ரூபாய் பரிசு வைத்ததால், காய்ச்சலோடு வந்த ஓவர்லாக் டெய்லர் அக்கா மெஷினிலேயே மயங்கிவிட்டார், பரிசை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம். உடம்பு சரியில்லாத லீவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது போதும். இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) டாக்டர் சான்று கொடுத்தால், தகுதியுள்ளவருக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். இதை நீங்களே எல்லாரிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம், பாராட்டு. சனிக்கிழமை சம்பளக் கவரை நீட்டும்போது, "அக்கா, அந்த நேவி புளூ லாட்டில் உங்க பீஸ் ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆகலைங்க" என்று சொல்லிப் பாருங்கள். "எல்லாரும் நல்லா பண்றீங்க" என்பது யார் மனதிலும் நிற்காது. பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குக் கூலி பிடிக்காமல் அரைநாள் விடுவதும் நல்ல பரிசுதான். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பீஸ் ரேட் ஆட்களை இதில் விட்டுவிடாதீர்கள், பாவம்.

தீபாவளி போனஸை மட்டும் இந்தப் பரிசோடு கலக்க வேண்டாம். தகுதியுள்ளவர்களுக்கு 8.33 சதவீதமாவது சட்டப்படி சேர வேண்டிய பணம் அது.

அந்த அக்காவுக்கு இந்த மாதப் பரிசைக் கொடுத்துவிடுங்க.