பொதுக் கோல்ஃப் மைதானம்: சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தில்லியில் வேலை பார்த்த நாட்களில், அன்றைய கட்டணத்தைக் கட்டிவிட்டு யாரும் ஆடக்கூடிய ஒரு பொது மைதானத்தில்தான் நான் கோல்ஃப் கற்றுக்கொண்டேன். இப்போது சேலத்தில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அண்மையில் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, வங்கிப் பணியில் இருக்கிறேன். தில்லிக்கு மாற்றலாகிப் போகிறேன். அங்குள்ள பொது மைதானத்தில் உறுப்பினர் அல்லாதவர் ஆடலாமா? முழு செட் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டுமா?
— வாசகர், அஸ்தம்பட்டி

ஆடலாம். லாடோ சராய் பகுதியில் தில்லி வளர்ச்சி ஆணையம் நடத்தும் குதுப் கோல்ஃப் மைதானம் நாட்டின் முதல் பொதுக் கோல்ஃப் மைதானம். பொதுவாக எந்த மைதானத்திலும் வார நாட்களில் கட்டணமும் கூட்டமும் குறைவு என்பதால், விடுப்பு கிடைக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையையோ புதன்கிழமையையோ தேர்ந்தெடுங்கள். புதிதாகக் கற்பவரை நேரே முதல் குழிக்கு அனுப்பாமல் சில நாட்கள் பயிற்சித் திடலில் ஆடச் சொல்வதும் உண்டு. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

முழு செட் வேண்டாம். விதிப்படி ஒருவர் பையில் அதிகபட்சம் 14 கிளப்புகள் (பந்தை அடிக்கும் கோல்கள்) வைத்திருக்கலாமே தவிர, இத்தனை இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஒரு ஹைப்ரிட், ஒரு ஏழாம் எண் அயர்ன், ஒரு ஒன்பதாம் எண் அயர்ன், ஒரு சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்கு உருட்டிவிடும் ஒரு புட்டர் ஆகிய ஐந்தும் பழையதாகக் கிடைத்தால் அவையே முதல் ஆண்டுக்குப் போதும். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது நெடுந்தூரம் அடிக்கும் டிரைவரைத்தான்; அதை இப்போது வாங்காதீர்கள். புதியவர் கையில் பந்தைக் காட்டுக்குள் அனுப்பும் கருவி அதுதான். பந்துகளையும் குளத்திலிருந்து எடுத்துக் கழுவி விற்பவையாகவே வாங்குங்கள்; முதல் சில சுற்றுகளில் ஐந்தாறு தொலையும்.

மிச்சமாகும் பணத்தை நல்ல பயிற்சியாளரிடம் நான்கைந்து வகுப்புகளுக்குச் செலவிடுங்கள். அதில் பாதி நேரத்தை கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையில், கேளுங்கள். தேர்ந்த ஆட்டக்காரர் எத்தனை அடிகளில் முடிக்க வேண்டும் என்ற கணக்குதான் பார். பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்துப் பார் 72 என்று கணக்கிடும்போதே ஒரு குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகளைப் புட்டருக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பாதி ஆட்டத்துக்குத் தோள் வலுவும் வேண்டாம், விலை உயர்ந்த கிளப்பும் வேண்டாம்.

கோல்ஃப் பணக்காரர்களின் விளையாட்டுதானே? கல்லூரி மாணவனான எனக்கு அதில் என்ன இருக்கிறது?
— வாசகர், சேலம்

நம் ஊர்களில் அது உறுப்பினர்களுக்கு மட்டுமான மன்றங்களின் மதில்களுக்குள் வளர்ந்ததால் இந்தக் கேள்வி எழுவது நியாயமே. ஆனால் இந்த ஆட்டத்தின் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் இன்றும் பொதுநிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊர்மக்கள் நாய்களோடு உலாவுவதற்கு விட்டுவிடுகிறார்கள். நியூயார்க் நகரம் 1895-லேயே வான் கோர்ட்லண்ட் பூங்காவில் பொது மைதானம் திறந்தது. 2008-லும் 2021-லும் யுஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்த டாரி பைன்ஸ் மைதானம், சான் டியாகோ நகராட்சிக்குச் சொந்தமானது. நம் நாட்டிலும், தில்லியில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் ‘கேடி’ உதவியாளராக வளர்ந்த அலி ஷேர்தான் 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். தமிழ்நாட்டு நகரங்களிலும் குறைந்த கட்டணத்தில் ஒன்பது குழி மைதானங்கள் வர வேண்டும் என்று நான் விடாமல் சொல்லி வருவதற்கு இவையெல்லாம்தான் காரணம்.

துணைக்கு ஆள் இல்லை. தனியாகப் போகலாமா?
— வாசகி, சூரமங்கலம்

போங்கள். மூவராக வந்திருக்கும் குழுவோடு உங்களைச் சேர்த்துவிடுவார்கள். முதல் குழியிலேயே “நான் புதியவள்” என்று சொல்லிவிட்டால் போதும், மற்ற மூவரும் பந்தைத் தேடவும் கொடியைப் பிடிக்கவும் உதவுவார்கள். முன்பின் அறியாதவரோடு நான்கு மணி நேரம் பேசிக்கொண்டே நடக்கும் வாய்ப்பை வேறெந்த விளையாட்டு தருகிறது?

நாங்கள் நால்வரும் புதியவர்கள். பின்னால் வருகிறவர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கும்போது பதற்றத்தில் ஆட்டமே கெட்டுப்போகிறது. என்ன செய்வது?
— வாசகர், அழகாபுரம்

பொது மைதானத்தில் பெரும்பாலான மனத்தாங்கல்கள் இதில்தான் தொடங்குகின்றன என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆட்டம் மெதுவாவதற்குக் காரணம் நீங்கள் அதிகம் அடிப்பது அல்ல. ஒவ்வொரு அடிக்கும் முன் நிற்பதுதான். ஒருவர் அடிக்கும்போது மற்ற மூவரும் வேடிக்கை பார்த்துவிட்டு, பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் பந்தைத் தேடி நடப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. அவரவர் பந்தை நோக்கி நேரே நடந்து, கிளப்பைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, யார் தயாரோ அவர் பாதுகாப்பாக அடிக்கலாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். விதிகளும் இதை ஊக்குவிக்கின்றன; தன் முறை வந்தபின் 40 நொடிக்குள் அடித்துவிட வேண்டும் என்பது அவற்றின் பரிந்துரை.

தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் தந்தார்கள். 2019 முதல் மூன்று நிமிடம்தான். நண்பர்களுக்குள் ஆடும் சாதாரண ஆட்டத்தில் இன்னொரு கட்டுப்பாட்டையும் நான் சொல்லித்தருகிறேன்: பார் எத்தனையோ அதன் இரு மடங்கு அடித்த பிறகும் பந்து குழியில் விழாவிட்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் பின்னால் நிற்பவர்கள் வேகமானவர்களாக இருந்தால், ஒதுங்கி நின்று கையசைத்து முன்னே போகவிடுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. அவர்கள் போன பிறகு உங்கள் தோள் தளர்வதை நீங்களே உணர்வீர்கள்.

ஏற்காட்டில் எங்கள் தோட்டத்துக் காப்பிக் களத்திலிருந்து ஏழாம் எண் அயர்னில் 150 கஜம் அடிக்கிறேன். கோவை மைதானத்தில் அதே கிளப்பில் தூரமும் குறைகிறது, பந்தும் வலப்பக்கம் வளைகிறது. என் ஸ்விங் கெட்டுவிட்டதா?
— வாசகர், ஏற்காடு

புதிதாகக் கெடவில்லை, முன்பே இருந்த குறையை மலைக்காற்று இதுவரை மூடி வைத்திருந்தது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் கோவை சுமார் 400 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் பந்துக்குத் தடை குறைந்து தூரம் கூடுகிறது. இந்த உயர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ நான்கு விழுக்காடு எனக் கொள்ளலாம். ஆக, மலையில் 150 கஜம் போகும் அடி கீழே 144 கஜத்தில் நிற்கும். ஏற்காட்டுக் குளிர் இந்தக் கூடுதலில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

வளைவுக்கும் காற்றுதான் விடை. சுழலும் பந்தை ஒரு பக்கமாகத் தள்ளுவது காற்றுதான் என்பதால், மெல்லிய காற்றில் அந்தத் தள்ளல் குறைவு. ‘ஸ்லைஸ்’ எனப்படும் இந்த வலப்பக்க வளைவு ஏற்காட்டிலும் இருந்தது. பார்வைக்குச் சிறியதாகத் தெரிந்தது, அவ்வளவே. கிளப்பின் முகம் திறந்தபடி, அதாவது வலப்பக்கம் திரும்பியபடி, பந்தைத் தொடுகிறதா என்று கைப்பிடியைச் சரிபாருங்கள்: வலக்கையால் ஆடுபவர் பிடித்தபடி குனிந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு விரல்முட்டிகளாவது கண்ணில் பட வேண்டும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். களத்திலிருந்து சில்வர் ஓக் மரங்களுக்கிடையே சரிவை நோக்கி அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கீழே பழம் பறிப்பவர்கள் செடி மறைவில் குனிந்திருப்பார்கள். மூடுபனி இறங்கிவிட்டால் அவர்களை உங்களால் பார்க்கவே முடியாது. வலை கட்டி அதற்குள் அடியுங்கள்.

என் மகளுக்குப் பதினோரு வயது, இடக்கைப் பழக்கம். இடக்கைக் கிளப்புகள் கிடைப்பதில்லை. வலக்கைக்கு மாற்றிவிடலாமா?
— வாசகி, ஆத்தூர்

வற்புறுத்தி மாற்றாதீர்கள், அம்மா. இரண்டு வகையையும் கையில் கொடுத்து, தரையில் கிடக்கும் பந்தை அவளாகவே அடிக்கவிட்டுப் பாருங்கள். எழுதும் கையும் ஆடும் கையும் ஒன்றாக இருந்தாக வேண்டியதில்லை. ஃபில் மிக்கெல்சன் மற்ற எல்லாவற்றுக்கும் வலக்கையைப் பயன்படுத்துபவர், கோல்ஃப் மட்டும் இடப்பக்கம் ஆடுகிறார். அவளுக்கு இடப்பக்கமே இயல்பு என்றால் பழைய இடக்கைக் கிளப்புகள் இரண்டு மூன்று போதும், தேடினால் கிடைக்கும். பெரியவர்களின் கிளப்பை வெட்டிக் குட்டையாக்கிக் கொடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கிளப்பின் தலைப்பகுதியின் எடை சிறுமியின் மணிக்கட்டை வருத்தும். நம் நாட்டின் தீக்ஷா தாகர் இடக்கை ஆட்டக்காரர், செவித்திறன் குறைபாட்டோடு உலக அளவில் ஆடுகிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற அதிதி அசோக் நமக்குப் பக்கத்திலுள்ள பெங்களூருவில் வளர்ந்தவர். இருவரும் ஆடும் காணொளிகளை மகளுக்குக் காட்டுங்கள்.

எனக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் பழக அதில் சிறிய மைதானம் அமைக்க முடியுமா?
— வாசகர், வாழப்பாடி

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. பதினெட்டுக் குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். ஆனால் ஒரு நல்ல கிரீனுக்கு ஒரு வீட்டு மனையளவு இடம் போதும்.

புல்லைத் தேடி எங்கும் போக வேண்டாம். கோல்ஃப் உலகம் பெர்முடா என்று அழைப்பது, பிள்ளையாருக்கு நாம் சாற்றும் அருகம்புல்லைத்தான். பெரிய மைதானங்களின் கிரீன்களில் அதன் குட்டையான கலப்பின வகைகளை நட்டு மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு வெட்டுகிறார்கள். நாட்டு அருகு அவ்வளவு தாழ்ந்த வெட்டைத் தாங்காது. ஒரு சென்டிமீட்டர் அளவில் வைத்துக்கொண்டால் பந்து சற்று மெதுவாக ஓடும், பழகுவதற்கு அது போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அருகுக்கு நிழல் ஆகாது. மாமரத்தடியில் அது நூலாக மெலிந்து மறைந்துவிடும். தோப்பின் ஓரத்தில் நாள் முழுவதும் வெயில் படும் இடமாகப் பாருங்கள்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், ஆழம் குறைந்தது நான்கு அங்குலம். கடையில் நாலு இன்ச் என்று விற்கும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டி, விளிம்பு மண்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே இருக்கும்படி புதைத்துவிடுங்கள். குழாயின் உள்வாய் சற்றுச் சிறியதாகத்தான் இருக்கும். அதில் போட்டுப் பழகிய பிள்ளைக்கு உண்மையான குழி பெரிதாகத் தெரியும்.

கோடையில் கிணறு வற்றினால் மாமரங்களுக்கு உரிய தண்ணீரைப் புல்லுக்குத் திருப்பாதீர்கள். நம் நாட்டில் வறண்ட பகுதிகளில் புல்லே இல்லாமல் எண்ணெய் கலந்த மணலைச் சமப்படுத்தி அதில் புட் செய்யும் ‘பிரவுன்’ முறை நெடுங்காலமாக இருக்கிறது. அதில் பழகியவர்களும் நன்றாக ஆடுகிறார்கள்.

ஹேண்டிகேப் எப்போது வாங்கலாம்?
— வாசகர், ஓமலூர்

பாரைவிட ஏறத்தாழ எத்தனை அடி கூடுதலாக ஆடுவார் என்று ஒருவரின் திறனைக் காட்டும் எண்தான் ஹேண்டிகேப். 2020-ல் வந்த உலகப் பொது முறைப்படி மொத்தம் 54 குழிகளுக்கான மதிப்பெண் அட்டைகள் இருந்தால் போதும். ஒன்பது ஒன்பதாக ஆடியும் சேர்க்கலாம். ஹேண்டிகேப் எண்ணின் உச்சவரம்பும் 54 என்பதால் புதியவருக்கும் இடம் உண்டு.

பந்து தவறான பக்கம் போனால் ‘ஃபோர்’ என்று கத்தச் சொல்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவசியமா?
— வாசகி, மேட்டூர்

ஆடத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஒரு நாள் காலை நான் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து, ஓரத்தில் களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவை நோக்கிப் போயிற்று. ‘அவ்வளவு தூரம் போகாது’ என்று நினைத்து வாயைத் திறக்காமல் நின்றேன். பந்து அவர் தோளில் பட்டது. அவர் கையிலிருந்த கூடை சரிந்து புல் சிதறியதும், அவர் எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டதும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. எலும்பு முறியவில்லை, ஆனால் அந்த வாரம் முழுவதும் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. அவருடைய கூலியை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “ஒரு சத்தம் போட்டிருந்தால் குனிந்திருப்பேனே” என்று மட்டும் சொன்னார்.

கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்குள்தான். ஆனால் கல்லைப் போல் கெட்டியானது. பந்து கோணலாகப் புறப்பட்ட கணமே, அங்கே ஆள் இருக்கிறாரா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளக் காத்திராமல், கைகளை வாயருகே குவித்து முழுக்குரலில் கத்துங்கள். புல்வெட்டும் தொழிலாளருக்கு ‘ஃபோர்’ என்பது புரியாது என்று தோன்றினால் “பந்து வருது!” என்று தமிழிலேயே கத்துங்கள்.