வுல்வர்ஹாம்ப்டன் உரிமத்தோடு மான்செஸ்டரில் ஓடலாமா?

வணக்கம் தம்பி. மான்செஸ்டரில் வாடகைக் கார் உரிமம் இழுத்தடிக்கிறது, இங்கிலாந்தின் இன்னொரு நகரமான வுல்வர்ஹாம்ப்டனில் எடுத்து இங்கேயே வாடகைக் கார் ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டலாம். ஆனால் ஓட்டுநர், கார், முன்பதிவை ஏற்று ஓட்டம் தரும் நிறுவனம், மூன்றுக்கும் ஒரே கவுன்சிலின் (உள்ளூர் நகராட்சியின்) உரிமம் வேண்டும். 1976 உள்ளாட்சிச் சட்டத்திலிருந்தே அப்படித்தான்.

இந்த விதியில் ஓட்டை எங்கே என்றால், கட்டுப்பாடுகளைத் தளர்த்திய 2015 சட்டம். மான்செஸ்டர் நிறுவனம் தனக்கு வந்த முன்பதிவை வுல்வர்ஹாம்ப்டன் உரிமமுள்ள இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றலாம். அதனால் சேருவதற்கு முன் கேளுங்கள்: "என் ஓட்டம் எந்தக் கவுன்சில் உரிமத்தில் பதிவாகும்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், விமான நிலைய வாசலில் பெட்டியோடு நிற்பவர் கை காட்டினாலும் ஏற்றாதீர்கள். முன்பதிவில்லாமல் ஏற்றுவது குற்றம். விபத்தானால் காப்பீடும் கைவிட்டுவிடும்.