கோலி கடலுக்குப் போன வாரம்

"நீங்கள் ஆடிய ஆட்டங்களில் இன்றைக்கும் மனதை விட்டுப் போகாத தோல்வி எது?" என்பது கேள்வி. இது பெரிய ஆட்டக்காரர்களைக் கேட்பதாக்கும் என்று முதலில் கடந்து போய்விட்டேன். அப்புறம் வந்து பார்த்தால் பதில் சொன்னவர்களில் பாதிப் பேர் டிவியில் பார்த்த கிரிக்கெட் தோல்வியை எழுதியிருக்கிறார்கள். சரி, காலில் சேறு ஒட்டிய ஒரு தோல்வியும் இருக்கட்டும்.

எனக்கு அது 2019 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். செவன்ஸ் ஃபுட்பால், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டம், அரையிறுதி.

என் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடைசியில், தேங்காய்ப்பட்டணத்துக்கும் நீரோடிக்கும் இடையில் வரிசையாக இருக்கும் கடற்கரை ஊர்களில் ஒன்று. இந்தப் பக்கம் ஃபுட்பால் என்றால் என்ன என்பது நாகர்கோவில்காரர்களுக்கே முழுசாகத் தெரியாது. உலகக் கோப்பை வந்தால் குருசடிக்குக் குருசடி (சிலுவை வைத்த சின்னக் கோயில்) பிரேசில், அர்ஜென்டினா ஃபிளக்ஸ் ஏறிவிடும், ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரு மாசம் பேசாமல் இருப்பார்கள். மாநில டீம்கள் மோதுகிற சந்தோஷ் டிராஃபி வரைக்கும் போய் ஆடியவர்கள் இந்தக் கரையில் உண்டு. நாங்கள் அந்த ரகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் டீமில் 19 வயசுப் பையனும் உண்டு, 41 வயசு ஆளும் உண்டு. ரெண்டு ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஒரு மொபைல் கடை, ஒரு பெயிண்டர், வளைகுடாவில் இருந்து லீவில் வந்த ஒருத்தன், மீதி எல்லாம் கடல் தொழில். எனக்கு எலக்ட்ரிக்கல் கடை. அப்போது வயசு 36, ஸ்டாப்பர் பேக் (பின்னால் நடுவில் நின்று தடுக்கிறவன்), கேப்டன். கேப்டன் என்றால் ஜெர்சியைத் துவைக்கப் போடுவது, வேனுக்குக் காசு பிரிப்பது, அவ்வளவுதான் வேலை.

மழைக்காலத்தில் யாராவது டோர்னமென்ட் வைப்பார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வேறு எப்போது வைப்பது? மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். (கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்கள் மாவட்டத்துக்கு ரெண்டு கடலும் இருப்பதால் ரெண்டு கணக்கும் உண்டு.) ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகுகள் ஒரு தடவை கிளம்பினால் முப்பது, நாற்பது நாள் கழித்துத்தான் திரும்பும். ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஊரில் கிடப்பது அந்த ரெண்டு மாசம்தான். அதனால் ஜூன் 2 முதல் ஞாயிறுதோறும் ஆட்டம். எட்டு டீம், ஆளுக்கு ஏழு ஆட்டம், முதல் நாலு டீம் அரையிறுதிக்கு. ஜூலை 21 அரையிறுதி, 28 ஃபைனல் என்று நோட்டீசும் அடித்தாயிற்று.

ஏழில் ஐந்து ஜெயித்தோம், ஒன்று டிரா, ஒன்று தோல்வி. ஏழு ஆட்டத்திலும் சேர்த்து நாங்கள் வாங்கியது மூணு கோல். அதில் என் பங்கு கொஞ்சம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் உண்மையில் எல்லாம் எங்கள் கோலி, கோல்கீப்பர். தூண்டில் கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்புப் பிடித்த கை அவனுக்கு, பந்து வந்து ஒட்டிக்கொள்ளும். க்ளவுஸ் போடு என்று கட்டாயப்படுத்தினால்தான் போடுவான்.

ஜூலை மூணாவது வாரம் கொட்டிய மழையில் 21ஆம் தேதி மைதானத்தில் கணுக்கால் தண்ணீர். ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். 28ஆம் தேதி தண்ணீர் வடிந்திருந்தது, ஆனால் காலை வைத்தால் உள்ளே போகிற சேறு. இன்னொரு வாரம் தள்ளி, ஆகஸ்ட் 4. அன்றைக்கே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேலண்டரைப் பார்த்தால் தெரியுமே, ஜூலை 31 ராத்திரியோடு தடை முடிகிறது.

கோலி தொழிலுக்குப் போகிற போட்டு, அதான் விசைப்படகு, கொச்சியில் கிடந்தது. எங்கள் ஊர்ப் போட்டுகள் நிறைய அங்கே இருந்துதான் தொழிலுக்குப் போகும். 29ஆம் தேதி காலையில் வேன். முந்தின நாள் ராத்திரி அவன் வீட்டுக்குப் போனேன், ஒரு வாரம் நின்றுவிட்டு அடுத்த போட்டில் போக முடியுமா என்று கேட்கத்தான் போனேன். திண்ணையில் அவன் மனைவி சாக்கில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள், ரெண்டு மாசமாக அரசாங்கம் தந்த 5,000 ரூபாய் நிவாரணத்திலும் கடனிலும் ஓடுகிற வீடு, முதலாளியிடம் முன்பணம் வேறு வாங்கியாயிற்று, போகவில்லை என்றால் அந்தத் தடவைக்கான பங்கு மொத்தமும் போச்சு. கட்டன் சாயா கொடுத்தார்கள். குடித்தேன். "பாத்துப் போயிட்டு வா மக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவனுக்கும் நான் எதற்கு வந்தேன் என்று தெரியும். க்ளவுசை எடுத்துக் கையில் கொடுத்தான்.

அந்த க்ளவுசை மொபைல் கடைக்காரன் போட்டுக்கொண்டு நின்றான். விரல் நுனியில் அரை அங்குலம் சும்மா தொங்கும்.

எதிர் டீம் குளச்சல் பக்கம். 1741இல் டச்சுக்காரனையே தோற்கடித்த கரை, வெற்றித்தூண் எல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இவங்களிடம் நாம் எம்மாத்திரம் என்று வேனில் ஒருத்தன் சொல்லி எல்லாரும் சிரித்துக்கொண்டே போனோம். பாதிக்கு 25 நிமிஷம், மொத்தம் 50. தூறல் விட்டு விட்டு. பதினோராவது நிமிஷத்தில் எங்கள் 19 வயசுப் பையன் கார்னரில் இருந்து வந்த பந்தைத் தலையால் தள்ளி ஒரு கோல் போட்டான். அதற்கப்புறம் அவர்கள் எங்களை எங்கள் பாதியை விட்டு வெளியே வரவிடவில்லை, ஆனால் மொபைல் கடைக்காரன் பிடித்தான் ஐயா! மூஞ்சியில் வாங்கினான், முட்டியில் வாங்கினான், ஒரு தடவை விழுந்து கிடந்தவன் மேலேயே பந்து வந்து பட்டது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது.

முப்பத்தெட்டாவது நிமிஷம் என் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஈர மணலும் சேறும் கலந்த மைதானத்தில் ஓடியவர்களுக்குத் தெரியும், பூட்ஸே அரைக் கிலோ கூடிவிடும். எங்கள் கோச், ரிட்டயர்ட் பி.டி. சார், கோட்டுக்கு வெளியே நின்று "லேய், வெளிய வா, போதும்" என்றார். பெயிண்டர் தயாராக நிற்கிறான். நான் கையை ஆட்டி ஒன்றுமில்லை என்றேன். ரெண்டு நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் கையை ஆட்டினேன்.

ஏன் என்று கேட்டால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 1994 உலகக் கோப்பை ஃபைனல், எனக்குப் பதினோரு வயசு, இங்கே ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டம், பக்கத்து வீட்டு டிவி முன்னால் முப்பது பேர். இத்தாலியின் பேக் பரேசி, வயசு 34, அதே உலகக் கோப்பை நடுவில் முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டு மூணு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனதும் ஃபைனலுக்குத் திரும்பி வந்து பிரேசிலை ஒரு கோல் போடவிடாமல் நிறுத்தினார். 120 நிமிஷம். கடைசியில் கால் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். நான் பேக் ஆடத் தொடங்கியதே அந்த ராத்திரியால்தான். ஆகஸ்ட் 4ஆம் தேதி என் மண்டைக்குள் அவர்தான் ஓடிக்கொண்டிருந்தார். என் மகனும் மைதானத்து ஓரத்தில் குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அதையும் சொல்ல வேண்டும். வெளியே போகிற முகம் எனக்கு அன்றைக்கு இல்லை.

நாற்பத்தாறாவது நிமிஷம். அவர்கள் பேக் ஒருத்தன் எங்கேயோ பார்த்து அடித்த நீளப் பந்து. லீக் முழுக்க நூறு தடவை நான் தலையால் திருப்பி அனுப்பிய மாதிரிப் பந்துதான். திரும்பினேன், இடுப்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அவர்கள் ஃபார்வர்டு என்னைத் தாண்டிப் போனபோது அவன் மூச்சுச் சத்தம் காதில் கேட்டது. மொபைல் கடைக்காரன் வெளியே ஓடி வந்தான், அவனால் ஒன்றும் செய்திருக்க முடியாது. 1–1.

பெனால்டி ஷூட்அவுட். வழக்கமாக ஐந்தாவது கிக் என்னுடையது, லீக் தொடங்குமுன் நானே எழுதிக் கொடுத்த வரிசை. அன்றைக்கு நிற்கவே முடியவில்லை. ஐந்தாவது யார் என்று சார் கேட்டபோது பையனைக் காட்டினேன். "அண்ணே, நான் மூணாவது அடிக்கட்டுமா?" என்று கேட்டான். அவன் எப்போதும் மூணாவதுதான். "நீதான் நல்லா அடிப்ப, நீயே கடைசியில போ" என்றேன். அது பாராட்டு மாதிரி எனக்கே அப்போது தோன்றியது.

அவர்கள் முதலில் அடித்தார்கள். ஐந்தில் நாலு உள்ளே, ஒன்றை மொபைல் கடைக்காரன் காலால் தடுத்தான். எங்களில் மூணாவதாகப் போன ஆட்டோக்காரன் போஸ்டில் அடித்தான். பையன் போகும்போது 4–3, போட்டால் சமம். ஈரப் பந்து, கால் பந்துக்கு அடியில் போய்விட்டது. கம்பிக்கு மேலே, தென்னைக்கு நடுவில் எங்கோ போனது. பந்தைத் தேடி எடுக்கப் போன சின்னப் பிள்ளைகள் வருவதற்குள் குளச்சல்காரர்கள் பட்டாசு வெடித்துவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் புதுக்கடையில் சாயா குடிக்க நிறுத்தினோம். பையன் வேனை விட்டு இறங்கவில்லை. கடை பெஞ்சில் ஒருத்தன் சொன்னான், கோலி மட்டும் இருந்திருந்தா கதையே வேற. எல்லாரும் ஆமா ஆமா என்றார்கள். மொபைல் கடைக்காரன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான், உதடு வீங்கி, பழம்பொரியைக் கடிக்க முடியாமல் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டு. இன்னொருத்தன், பையன் பதறிட்டான், சின்ன வயசுல்லா என்றான். அதற்கும் ஆமா. சார் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான்லே ரெண்டு தடவை வெளியே வரமாட்டேன் என்று சொன்னேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஊரிலும் அடுத்த ஒரு மாசம் இந்த ரெண்டு காரணம்தான் ஓடியது, நானும் கடையில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

அந்த 94 ஃபைனலும் ஷூட்அவுட்டில்தான் முடிந்தது, இத்தாலி தோற்றது. இப்போது யாரிடம் கேட்டாலும் கடைசிக் கிக்கை பாஜியோ வெளியே அடித்தாரே என்பார்கள். இத்தாலிக்கு முதல் கிக்கை வெளியே அடித்தது பரேசிதான். மசாரோ அடித்ததைப் பிரேசில் கோலி பிடித்தார். பாஜியோ போட்டிருந்தாலும் பிரேசிலுக்கு இன்னொரு கிக் பாக்கி இருந்தது. ஆனால் கடைசியாக நின்றவன் படம்தான் எல்லார் மனதிலும் இருக்கிறது. பையன் ரெண்டு மாசம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன், காரணம் சொல்லாமல்.

கோலி செப்டம்பர் முதல் வாரம் வந்தான். ஆள் கறுத்து, தாடி வைத்து, பாதியாகிவிட்டிருந்தான். க்ளவுசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். விஷயம் அவனுக்கு நடுக்கடலிலேயே தெரிந்திருக்கிறது. பின்னால் கிளம்பிப் போன போட்டுக்காரன் யாரோ வயர்லெஸ்ஸில் சொல்லி, அது போட்டுக்குப் போட்டு கைமாறி இவனிடம் வரும்போது 4–1 தோல்வி என்று ஆகியிருக்கிறது. எல்லாரும் சேர்ந்து என்னைத்தான் திட்டினார்கள், ஒரு வாரம் தூங்கவில்லை அண்ணே என்றான்.

இல்லை மக்கா, ஆட்டம் 1–1, ஷூட்அவுட்தான் 4–3 என்று முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கெண்டைக்கால், சார் கூப்பிட்டது, நான் கையை ஆட்டியது, ஐந்தாவது கிக்கை அந்தப் பையன் தலையில் கட்டியது. வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. க்ளவுசை முகர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டான். ஒரு நாற்றம் அடித்திருக்கும், நான் துவைக்கவும் இல்லை.

"இதொண்ணும் வயர்லெஸ்ல வரலியே அண்ணே" என்றான்.