தாத்தாவின் பழைய வாட்ச் ஒரிஜினல்தானா, என்ன விலை பெறும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரெஞ்சுப் படையில் இருந்த தாத்தாவின் பீரோவில் லிப் (பிரெஞ்சு வாட்ச் கம்பெனி) என்று பெயர் போட்ட சாவி கொடுக்கிற வாட்ச் கிடைத்திருக்கிறது, கடைக்காரர் ஒருவர் ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குக் கொடுத்துவிடாதீர்கள். புதுச்சேரியில் பல சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) வீடுகளில் இப்படி நல்ல வாட்சுகள் இருக்கின்றன. என்னவென்று பார்க்காமலேயே அவை கைமாறிப் போவதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

டயலில் உள்ள பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பழைய டயலுக்குப் பெயின்ட் அடித்து எந்தப் பெயரையும் அச்சடித்துவிடலாம். மெஷினைப் பார்க்க வேண்டும். நீங்களே கத்தியை விட்டு நெம்ப வேண்டாம். ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பின்மூடியைத் திறக்கச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் தகட்டிலோ, பேலன்ஸ் வீலுக்கு (இங்குமங்கும் ஆடும் சக்கரம்) பக்கத்திலோ அடியிலோ சின்னதாக ஒரு முத்திரையும் எண்ணும் இருக்கும். அதை இணையத்தில் தேடினால் யார் செய்த மெஷின், எந்தக் காலத்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வேறு கம்பெனி முத்திரை இருந்தால் உடனே போலி என்று நினைக்காதீர்கள். வெளியில் மெஷின் வாங்கிப் போட்ட நல்ல கம்பெனிகள் நிறைய உண்டு. டயலும் கேஸும் (வெளிக்கூடு) அந்த மெஷினின் காலத்தோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம் டயல். லென்ஸ் வைத்துப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். மறுபெயின்ட் அடித்ததில் எழுத்து தடித்து, ஓரம் பிசிறடிக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராகச் சேராது. காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரி இடங்களில் பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சை டயலோடு எச்எம்டி வாட்ச் பார்த்தால் இதைச் சோதித்துப் பாருங்கள். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டோடு பெங்களூரில் தொடங்கிய அந்த எச்எம்டியின் மெஷின் அசலாகவே இருக்கலாம். டயல் நேற்று அடித்ததாக இருக்கும். நம் ஊர்க் கடல் காற்றில் டயலில் புள்ளி விழுவது சகஜம். அதை அப்படியே விடுங்கள். புள்ளியோடு இருக்கும் அசல் டயலுக்குத்தான் சேகரிப்பவர்கள் அதிகம் கொடுப்பார்கள். கேஸையும் பாலிஷ் போடாதீர்கள். ஓரங்கள் மழுங்கினால் திரும்ப வராது.

முள்ளிலோ எண்களிலோ பழுப்பேறிய பூச்சு இருந்தால் சுரண்டவே கூடாது. 1960-களுக்கு முந்தையது என்றால் ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது, ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டு.

கேஸ் எதனால் ஆனது என்பது பின்மூடியில் பிரெஞ்சிலேயே எழுதியிருக்கும். 'அசியே' (Acier) என்றால் ஸ்டீல். முன்னால் 'ஃபோன்' (Fond) என்று சேர்ந்திருந்தால் மூடி மட்டுமே ஸ்டீல். 'பிளாக்கே ஓர்' (Plaqué or) என்றால் தங்க முலாம். கூடவே முலாம் எத்தனை மைக்ரான் கனம் என்றும் போட்டிருக்கலாம். மஞ்சள் கேஸில் மிகச் சின்னதாக ஒரு கழுகுத் தலை முத்திரை இருந்தால் அது 18 காரட் தங்கம்.

விலைக்கு வருவோம். விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதே மாடல், அதே மெஷின், அதே நிலையில் இருப்பது என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பார்த்து, சர்வீஸ் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். கழுகு முத்திரை இருந்துவிட்டால், மெஷினைக் கழற்றி கேஸை மட்டும் நகைக்கடையில் எடை போட்டுப் பார்க்கலாம். அந்தத் தங்கத்தின் விலைக்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், உருக்கவும் விடாதீர்கள்.